வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள்

அன்புள்ள சூசைக்கு, மாதா உன்னைத் தன் நிழலில் வைத்துக் காப்பாளாக.

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கிறவர் பெயர் மாரிமுத்து. அவர் மனைவி அஞ்சலை உன் ஆஸ்பத்திரி வாசலில், வாடகைக் காரின் பின்சீட்டில் படுத்திருப்பாள். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போ. அவளை உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் கிடத்தி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு வந்து மீதியைப் படி. மீதி நீளமானது. அது காத்திருக்கும், அவளால் முடியாது.

வந்துவிட்டாயா? கை கழுவிவிட்டு உட்கார்.

ஆறு நாளைக்கு முன்பு உன் வார்டிலிருந்துதான் அவளை அனுப்பினார்கள். அறுப்புத் தகராறில் தொடையில் அரிவாள் பட்டவள். கூலி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் களத்தில் இறங்காமல் நின்றதும், மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியதும், வரப்பில் கைகலப்பு ஆனதும் நீ பேப்பரில் படித்திருப்பாய். நேற்று அவளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்தேன், தம்பி. வீட்டுக்குள் ஊதுவத்தி கொளுத்தியும் அந்த வாடை போகவில்லை. நம் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் இப்போது பிரசவம் மட்டும்தான் பார்க்கிறார்கள். அங்கிருந்து வந்த கம்பவுண்டர் வாசல் தாண்டாமலே, "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, இன்னைக்கே" என்றார். ஆனால் போலீஸ் ரோட்டை மறித்திருக்கிறது. நாளைக் காலையில்தான் விடுவார்கள் என்று கார்க்காரர் சொல்லிவிட்டார். அதனால் எனக்கு ஒரு பகல் கிடைத்திருக்கிறது. அவள் சுவாமி பீடத்துக்கு எதிரே பாயில் கிடக்கிறாள். நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, நடுநடுவே இதை எழுதுகிறேன்.

உன் கடிதமும் இதே வாரம்தான் வந்தது. ஒரு வருஷத்தில் உன் வார்டில் சாவு பாதியாகக் குறைந்துவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை மந்திரி வந்து கேடயம் கொடுக்கப் போகிறார், நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தாய். "உங்க நோட்டுதான் அம்மா எனக்கு வழிகாட்டி" என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்தபோது பூரித்துப்போய் அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் காட்டினேன். அஞ்சலையை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்த பிறகு அதே வரியைப் படிக்க எனக்குப் பயமாக இருக்கிறது. "சொந்த விருப்பத்தின் பேரில் சென்றார்" என்று அந்தச் சீட்டில் இருக்கிறது. கீழே மாரிமுத்துவின் கைநாட்டு. அதற்குக் கீழே உன் கையெழுத்து.

"ஏன்யா, இந்த நிலைமையில நீங்களா கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நாங்க எங்கம்மா கேட்டோம்? மந்திரி வர்றாராம், வார்டுக்கு வெள்ளையடிக்கணுமாம். இதுல கைய வையி, அடுத்த வாரம் வந்து கட்டு மாத்திக்கலாம்னாங்க. வச்சேன்."

"கட்டு மாத்தப் போனீங்களா?"

"போனேம்மா. கேட்டுல நிக்கிறவரு சீட்டப் பாத்துட்டு, நீயாதானய்யா போயிருக்க, கேஸ் முடிஞ்சுபோச்சு, திரும்பச் சேக்க மாட்டாங்கன்னாரு. வாசல்ல பந்தக்கால் வேற நட்டுக்கிட்டிருந்தாங்க. கட்டில அந்தப் பக்கம் தள்ளி வையின்னாங்க."

தம்பி, இதை நீ கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தாயா, கேட்காமலே கையெழுத்துப் போட்டாயா, எனக்குத் தெரியாது. இரண்டில் எது மோசம் என்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இது எப்படி நடக்கும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் இதே பாவத்தை உனக்கு முன்பு நான் செய்திருக்கிறேன். அதை உன்னிடம் மறைத்தும் வைத்திருக்கிறேன்.

எனக்கு எழுத்து யாரும் சொல்லித் தரவில்லை என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் ரிஜிஸ்டர் எழுதிய காலத்தில், கழித்துப் போட்ட பழைய ரிஜிஸ்டர்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். செபப் புத்தகத்தைப் பார்த்து அதன் வெற்றுப் பக்கங்களில் நானே எழுதிப் பழகினேன். அதனால்தானோ என்னவோ பெயர், வயது, ஊர், நோய், முடிவு என்று ஐந்து கட்டம் போடாமல் எனக்கு எதையுமே எழுத வராது. கடைசிக் கட்டத்தில் உன் அப்பா எழுதக்கூடிய வார்த்தைகள் சில உண்டு: குணம், தேவலை, அப்படியே, இறப்பு. அபூர்வமாக, சொந்த விருப்பம். ஒரு மனுஷனின் கதை முழுவதும் இதில் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடும் என்று அப்போது நம்பினேன்.

மாதா சபைப் பெண்கள் முறைவைத்துத் தரும வார்டுக்குக் கஞ்சி காய்ச்சினோம். வீட்டுக்குப் போகும்போது நோயாளிகள் என் தவலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "கஞ்சியம்மா, எங்களுக்காக வேண்டிக்கங்க" என்பார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களும் கேட்பார்கள். முப்பது நாள் வேண்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து, பெயரை நோட்டில் எழுதிக்கொள்வேன். வாக்குக் கொடுத்தால் முறையாகச் செய்ய வேண்டும் அல்லவா? உயிரோடு இருப்பவருக்குச் சொல்லும் செபம் வேறு, இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்குச் சொல்வது வேறு. எல்லாரும் "குணம்" என்று எழுதிப் போனவர்கள்தானே என்று எல்லாருக்கும் சுகத்துக்கே வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் பீடத்தில் மெழுகுத்திரி ஏற்றும்போது, பக்கத்தில் நின்ற மீன்காரி யாருக்கு என்று கேட்டாள். காத்தாயிக்கு என்றேன்.

"எந்தக் காத்தாயி? கீழத்தெருக் காத்தாயியா? அவளுக்குக் கருமாதியே முடிஞ்சுபோச்சேம்மா! சாம்பலுக்கா சொகம் கேக்குறீங்க?"

 சாமியாரிடம் போய் முழந்தாளிட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். "தப்பான விலாசத்துக்குப் போன கடுதாசியத் தபால்காரனே திருப்பி விட்டுடுவான். ஆண்டவருக்குத் தெரியாதா? போம்மா." நான் எழுந்திருக்கவில்லை. "அவருக்குத் தெரியும் சாமி. எனக்குத் தெரியலையே" என்றேன்.

அன்றிலிருந்துதான் முப்பதாம் நாள் விசாரிக்க ஆரம்பித்தேன். சந்தைக்கு வரும் கீரைக்காரிகள், பஸ் கண்டக்டர்கள், கோயிலுக்கு நவநாள் செபத்துக்கு வருகிறவர்கள் என்று யாரிடமாவது கேட்பேன். பதில் வராவிட்டால் வாய்க்கால் கரையோடு நானே நடப்பேன். ஒரு வருஷம் எழுதிய பிறகு ஒருநாள் பக்கங்களைப் புரட்டினேன். உன் அப்பாவின் ரிஜிஸ்டரில் குணம் என்று இருந்தவர்களில் எத்தனையோ பேர் என் நோட்டில் மண்ணுக்குப் போயிருந்தார்கள். அதிலும் கூலிக்காரத் தெருக்களில். அதிலும் ஆற்றில் தண்ணீர் வராத மாதங்களில், மிராசுதார்கள் வேலை இல்லை என்று சொன்ன மாதங்களில்.

காத்தாயியின் புருஷனைத் தேடிப் போனேன். அவர் உள்ளே போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தார். பாதிக்கு மேல் மாத்திரை அப்படியே இருந்தது.

"ஏன், அவளுக்குக் குடுக்கலையா?"

"சிஸ்டரு சொன்ன மாதிரிதாம்மா குடுத்தேன். மூணு வேளையும் சாப்பாட்டுக்கு அப்பறம்னாங்க. நடவு தொடங்குற வரைக்கும் எங்களுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. செல நாளு அதுவும் இல்ல. சாப்புடாம எப்படிம்மா மாத்திர போடுறது? கொடலு வெந்துடாதா?" முடிச்சை என் பக்கம் தள்ளினார். "மிச்சத்த ஆஸ்பத்திரிக்கே திருப்பிக் குடுத்துடலாம்னுதான் பத்திரமா வச்சிருக்கேன்."

அந்த முடிச்சையும் நோட்டையும் பெரிய டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். நல்ல மனுஷர் அவர். "இதெல்லாம் எழுதச் சொல்லி உங்களை யார் கேட்டாங்க?" என்று முதலில் முகம் சிவந்தார். "யாரும் கேக்கலைங்க. வேண்டுதலுக்காக எழுதுனது" என்றேன். பிறகு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். மறுவாரத்திலிருந்து, யாரையும் வீட்டுக்கு அனுப்பும் முன்பு சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுல எத்தனை தடவை அடுப்பு மூட்டுவீங்க?" என்று கேட்டார். ஒரு தடவை என்றால், அதற்குத் தகுந்தபடி மருந்தை மாற்றினார்கள், அல்லது நாங்கள் கஞ்சிமாவு கட்டிக் கொடுத்தோம். பத்தாம் நாள் ஒரு நர்ஸ் வீடு தேடிப் போனாள். திரும்பி வருகிறவர்கள் குறைந்தார்கள். முப்பதாம் நாள் இறந்தவர்கள் குறைந்தார்கள். அது பொய் இல்லை, தம்பி. ஒவ்வொருவர் முகத்தையும் நான் பார்த்தேன்.

நீ டாக்டருக்குப் படிக்கப் போனபோது நான் உன் பெட்டியில் வைத்த நோட்டு இந்த இடத்தோடு முடிகிறது. மீதிப் பக்கங்களைத் தையல் பிரித்து எடுத்துவிட்டுத்தான் கொடுத்தேன். படிக்கப் போகிற பிள்ளைக்கு அது எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் மகன் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்ற ஆசை.

இப்போது அஞ்சலை கண் விழித்தாள். "அம்மா, களத்துல நெல்லு அள்ளியாச்சா?" என்று கேட்கிறாள். அள்ளியாச்சு, படுத்துக்கோ என்றேன். யார் அள்ளினார்கள் என்று கேட்கிறாள். நான் நெற்றித் துணியை நனைத்து மாற்றினேன். துணி போட்ட உடனே சூடாகிவிடுகிறது.

பிரித்தெடுத்த பக்கங்களில் உள்ளதைச் சொல்கிறேன். பெரிய டாக்டர் என் எண்ணிக்கையை மாதாமாதம் கேட்க ஆரம்பித்தார். நடைவழியில் ஒரு கரும்பலகை மாட்டி, போன மாதம் இறந்தவர்கள் இத்தனை, இந்த மாதம் இத்தனை என்று எழுதச் சொன்னார். ஆயர் இல்லத்திலிருந்து வருகிறவர்களும், பணம் அனுப்புகிற வெளிநாட்டுக்காரர்களும் பலகைக்கு முன்னால் நின்று தலையாட்டுவார்கள். சிஸ்டர்கள் தங்களுக்குள், "இந்த மாசம் உங்க வார்டால கெட்டுச்சு, எங்க வார்டால கெட்டுச்சு" என்று பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். எனக்கும் கோயில் வாசலில் மரியாதை கூடியது. காலையில் செபம் சொல்வதற்கு முன்பு பலகையைப் பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

ஒரு மாதம் பலகையில் சைபர் விழுந்தது. ஒருவர்கூட இறக்கவில்லை. அந்தோணியாருக்கு நன்றியாக ஒரு முழ நீள மெழுகுத்திரி ஏற்றினேன்.

அதே வாரம், நான் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு ஆள் தன் மனைவியைக் கட்டிலில் வைத்து, அண்ணன் தம்பியோடு தூக்கிக்கொண்டு வந்தார். வயிறு ஊதிக் கிடந்தாள். வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆகாது, பெரிய ஊருக்குக் கொண்டு போங்க" என்றார். அவர் என்னிடம் வந்தார். "கஞ்சியம்மா, நீங்க ஒரு வார்த்த சொன்னா உள்ள விடுவாங்களாம்." நான் என்ன கேட்டேன் தெரியுமா? "சீட்டு இருக்கா?" என்று கேட்டேன். ஏனென்றால் சீட்டு உள்ளவர்கள்தான் என் நோட்டில் வருவார்கள். சீட்டு இல்லை என்றார். ஒரு சொம்பு கஞ்சி ஊற்றிக் கொடுத்து, சீக்கிரம் போனால் பஸ் கிடைக்கும் என்றேன். அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டிலேயே இறந்துபோனாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷமாக அவளுக்காக வேண்ட உட்காரும்போதெல்லாம், எந்தப் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் வாய் மூடிக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்து, அவளை ஏன் உள்ளே விடவில்லை என்று உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "உனக்கு இப்பதான் தெரியுதா? பிழைக்காதுன்னு தெரிஞ்சா கேட்டுலயே திருப்பிடுறாங்க. உள்ள வந்துட்டா, கைநாட்டு வாங்கிட்டு சொந்த விருப்பம்னு எழுதச் சொல்றாங்க. குணம்னு போனவங்களத்தான நீ எண்ணுற? இவங்க உன் கணக்குல எங்க வருவாங்க?"

"நீங்க எங்கிட்ட சொல்லலையே."

"உன் மெழுகுத்திரிய ஊதி அணைக்கச் சொல்றியா?"

பெரிய டாக்டர் கெட்டவராக மாறவில்லை. சாகிறவர்களைத் துரத்துங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. எண்ணிக்கையைக் குறையுங்கள் என்றுதான் சொன்னார். நோயைக் குறைப்பதைவிட நோயாளியைக் குறைப்பது சுலபம் என்பதை அவருக்குக் கீழே இருந்தவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள். நான் போய்ச் சொன்னேன். அவர், "பலகையை எடுத்துடலாம்" என்றார். பலகையை எடுத்தார்கள். அதோடு பத்தாம் நாள் வீடு தேடிப் போகிற நர்ஸையும் நிறுத்திவிட்டார்கள். அடுப்பு எத்தனை தடவை என்று கேட்பதும் நின்றது. நானும் நோட்டை மூடிவிட்டேன். அதுதான் என் இரண்டாவது தப்பு. தப்பாக எண்ணியதற்குப் பரிகாரம் எண்ணாமல் இருப்பது என்று நினைத்துவிட்டேன்.

ஆகவே, எண்ணாதே என்று நான் உனக்குச் சொல்லவில்லை. எண்ணு. வார்டில் இறந்தவர்களை மட்டும் எண்ணாதே. அவர்கள் வீட்டுக்குப் போன முப்பதாம் நாள் எங்கே இருக்கிறார்கள் என்று ஆள் அனுப்பிக் கேள். கைநாட்டு வைத்துப் போனவர்களை வேறு எல்லாருக்கும் முன்பு கேள். எந்த ஏழையும் புண்ணோடு கட்டிலை விட்டுத் தானாக எழுந்து போக மாட்டான். கேட்டில் நிற்பவர் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, திருப்பி அனுப்பிய ஒவ்வொருவர் பெயரையும் எழுதச் சொல். கேடயம் வாங்கப் போகிற வார்டு தன் கணக்கைத் தானே எழுதக் கூடாது. மார்க்கு வாங்குகிறவன் கையிலேயே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பார்களா? எண்ணிக்கை திடீரென்று அழகாகத் தெரிந்தால் சந்தோஷப்படாதே. செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்ப் பார்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் மிராசுதார் காரில் வந்து டாக்டரிடம் பேசிவிட்டுப் போவார், அன்று மாலையே கூலிக்காரர்களின் கட்டில் காலியாகும். இப்போது ஏழைகளின் ஆட்சி என்று மேடையில் பேசுகிறவர்கள் ஜீப்பில் வருகிறார்கள். மாரிமுத்துவும் அவர்களுக்குத்தான் ஓட்டுப் போட்டாராம். வெட்டுப்பட்டவர்கள் மந்திரி கண்ணில் படக் கூடாது என்று உன்னிடம் யார் வந்து சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் நாளைக்கு உன்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றலாம். மாற்றட்டும். அங்கேயும் நோயாளிகள் இருப்பார்கள்.

அஞ்சலை பிழைப்பாளா என்று எனக்குத் தெரியாது. பிழைக்க வைக்க உன்னால் ஆனதைச் செய். முடியாமல் போனால், அவள் உன் வார்டில், உன் கட்டிலில் இறக்கட்டும். இறப்பு என்று உன் கையாலேயே எழுது. வெள்ளிக்கிழமைக்குள் உன் எண்ணிக்கை ஒன்று கூடினால் கூடட்டும். நான் முன்வரிசைக்கு வரமாட்டேன்.

இந்த இடத்தோடு முடித்துக் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். விடிந்துவிட்டது, மறுபடி பிரித்து எழுதுகிறேன். கார் வந்து வாசலில் நிற்கிறது. அஞ்சலை பேச்சை நிறுத்திவிட்டாள், மூச்சு மட்டும் இருக்கிறது. போர்வை எடுக்கத் தன் தெருவுக்குப் போன மாரிமுத்து, திரும்பி வந்தபோது தனியாக வரவில்லை. அதே நாள், அதே வார்டிலிருந்து, அதே மாதிரிச் சீட்டோடு வந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்களாம். ஒருவருக்குத் தலையில் கட்டு, நேற்றிலிருந்து வாந்தி. ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றில் அடிபட்டது, பிள்ளை அசைகிறதா என்று தெரியவில்லை என்கிறாள். இவர்கள் இரண்டு பேரும் இப்போது என் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். காரில் ஒருவரைத்தான் படுக்க வைக்க முடியும். அஞ்சலையை அனுப்பிவிட்டு, இவர்களோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த தெருவிலும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு ஆள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கார் திரும்பத் திரும்ப வரும். கேட்டைத் திறந்தே வைக்கச் சொல்.

உன் அம்மா